சருகுப் பாதையில் நாயும் நாமும்: வாசகர் கேள்வி – பதில்

இலையுதிர் காலத்தில் வெளியே போய்வருவதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். மரங்களைப் பற்றி வந்த கடிதங்களைவிட நாய்களைப் பற்றி வந்தவையே அதிகம். எனக்கு இதில் வியப்பில்லை. நாய் வளர்க்கும் வீட்டில், பருவம் மாறிவிட்டதை நாட்காட்டிக்கு முன்னதாகவே, காலையில் வாசலில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை முகரும் நாய் சொல்லிவிடுகிறது. இடம் போதாமையால் சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் தோழியும் பல ஆண்டுகளாக விடுமுறை நாள் காலைகளில் சேர்ந்து நடப்பவர்கள். அண்மையில் அவர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார். என்னிடம் ஏற்கெனவே ஒன்று உண்டு. இந்தப் பருவத்தில் இரண்டையும் அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறோம். ஆனால் என் வீட்டில் அவற்றை முதன்முதலாகச் சந்திக்க வைத்தபோது இரண்டும் உறுமிக்கொண்டன. இனி அவற்றைச் சேர்க்கவே முடியாதா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். தவறு நாய்களிடம் இல்லை. நீங்கள் தேர்ந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் நாய்க்கு அந்த வீடு தன்னுடைய எல்லை. அங்கே அறிமுகமில்லாத இன்னொரு நாய் நுழைந்து, தான் படுக்கும் மூலையையும் தன் கிண்ணத்தையும் முகரத் தொடங்கினால் அது உறுமத்தான் செய்யும். நாய்களின் முதல் சந்திப்பு இரண்டுக்கும் பொதுவான, இரண்டுக்கும் உரிமையில்லாத ஓர் இடத்தில் நடப்பதே நல்லது; அதற்கு அகலமான நடைபாதையைவிடப் பொருத்தமான இடம் எதுவுமில்லை.

நீங்கள் இருவரும் பாதையின் இரு ஓரங்களில், நாய்கள் ஒன்றையொன்று பார்க்கலாம், எட்ட முடியாது என்ற அளவு இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்கத் தொடங்குங்கள். நேருக்கு நேர் நடந்து வந்து சந்திப்பது மனிதர்களுக்கு மரியாதையாக இருக்கலாம். நாய்களின் மொழியில் அது சவாலுக்குச் சமம். தாமாகச் சந்திக்கும் நாய்கள் வளைந்து வந்து, முகத்தைத் தவிர்த்து, பக்கவாட்டிலிருந்துதான் ஒன்றையொன்று முகர்கின்றன. இணையாகப் பதினைந்து இருபது நிமிடம் நடந்த பிறகு, இரண்டும் மற்றதை மறந்து தரையை முகரத் தொடங்கிவிட்டால் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நம் கையின் பதற்றம் வார் வழியே நாயின் கழுத்துக்கு இறங்கிவிடும். கழுத்து இழுபடும்போது உடல் தானாக முன்னே உயர்வதால், மற்ற நாய்க்கு அது பாயத் தயாராவதைப் போலவும் தோன்றும்.

வாலை ஆட்டுகிறது, ஆகையால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் பலர் செய்யும் பிழை. விறைப்பாக மேலே தூக்கிய வாலின் நுனி மட்டும் வேகமாக அசைந்தால் அது எச்சரிக்கை. உடல் முழுவதும் தளர்ந்து வளைய, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் அது நட்பு. முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்தி நின்றால் விளையாட அழைக்கிறது என்று பொருள். தேவையில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை 'எனக்குக் கொஞ்சம் இடம் கொடு' என்பதன் மென்மையான வடிவங்கள். இவற்றை நாம் கண்டுகொள்ளாதபோதுதான் உறுமல் வருகிறது. உறுமும் நாயைத் திட்டாதீர்கள். கடிப்பதற்கு முன் சொல்லிவிட்ட நாகரிகத்துக்காக அதைத் தண்டித்தால், அடுத்த முறை அது சொல்லாமலே கடிக்கப் பழகிவிடும்.

முதல் மூன்று நான்கு நடைகளில் பந்தையோ தின்பண்டத்தையோ நாய்களுக்கு நடுவே கொண்டுவர வேண்டாம். பேச்சு சுவையாகப் போகும்போது இருவருமே நாய்களை மறந்துவிடுவீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எனக்கு அது நேர்ந்திருக்கிறது. என் நண்பரும் நானும் ஒரு பழைய வழக்கைக் கிளறிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வார்களும் எங்கள் கால்களைச் சுற்றி முறுக்கிக்கொள்ள, நாங்கள்தாம் சருகில் விழுந்தோம். நாய்கள் சமாதானமாகவே இருந்தன.

கேள்வி: என் ஏழு வயது மகள், 'இலைக்குச் சிவப்புச் சாயம் யார் பூசுவது?' என்று கேட்கிறாள். அடுத்ததாக, 'நம் நாய்க்கும் இது அழகாகத் தெரியுமா?' என்றும் கேட்கிறாள். இரண்டுக்குமே என்னிடம் பதிலில்லை.

பதில்: முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். கோடையில் இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் பச்சையம். ஒளியைப் பிடித்து உணவு சமைக்கும் இந்தப் பொருளை மரம் ஓயாமல் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பகல் குறுகி, இரவு நீளும்போது, இனி இலையைப் பேணுவது கட்டுப்படியாகாது என்பதைப்போல மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்கும் வேருக்கும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் மஞ்சள் வெளிப்படுகிறது. அந்த மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டுகள் கோடை முழுவதும் இலைக்குள் இருந்தவைதாம். பச்சையம் அவற்றை மறைத்திருந்தது. சிவப்பு அப்படியன்று. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் பல மரங்கள் இந்தப் பருவத்தில்தான் புதிதாகத் தயாரிக்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வாய்த்த ஆண்டில் சிவப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். கடைசியாக, காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய படலம் உருவாகி இலையைத் துண்டிக்கிறது. ஆகவே மகளிடம், 'மஞ்சள் முன்பே உள்ளே இருந்தது, சிவப்பை மரமே இப்போது பூசிக்கொண்டது' என்று சொல்லலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் நல்ல கேள்வி. நாயின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகை மட்டுமே உண்டு, நமக்கு மூன்று. நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும்; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அதனால் முடியாது. நாம் நின்று வியக்கும் சிவந்த இலை மரம் அதற்கு ஏதோ மங்கிய பழுப்பு மஞ்சளாகத்தான் தோன்றும். பெற்றோருக்கு இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு: சருகுக்கு நடுவே சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு, நாய்க்குக் கண் தெரியவில்லையா என்று கவலைப்படாதீர்கள். நீலப் பந்து வாங்குங்கள்.

ஆனால் நாயை நினைத்து மகள் வருந்த வேண்டியதில்லை. நம் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது மூச்சை வெளியே விடுவதுகூட மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகத்தான். அதனால் முன்னே இருக்கும் மணம் கலையாமல் நிற்கிறது. இப்போது இலையுதிர் காலத்துத் தரையை நினைத்துப் பாருங்கள். ஈரம், மட்கும் இலை, காளான், மண்ணின் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற மண்வாசனைப் பொருள், சருகுக்கடியில் இரவில் ஓடிய எலியின் தடம், குளிர்காலத்துக்காக அணில் புதைத்துவைத்த கொட்டை. கோடையில் வறண்டு கிடந்த பாதை இப்போது அதற்கு ஒரு நூலகம். நாம் தலையை நிமிர்த்திப் பருவத்தைப் பார்க்கிறோம். நாய் தலையைக் குனிந்து அதைப் படிக்கிறது. அது ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் இழுக்காதீர்கள். இழுத்து இழுத்து ஐந்து கிலோமீட்டர் நடத்தியதைவிட, முகர விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடத்திய நாளில் நாய் அதிகம் களைத்து நிம்மதியாகத் தூங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்தோடு காட்டுப் பாதையில் நடக்கப் போகிறோம். எழுபது வயதைக் கடந்த என் தாயார், இரண்டு சிறுவர்கள், நாய் எல்லோரும் வருகிறார்கள். போன முறை எல்லோரும் சண்டையோடுதான் திரும்பினோம். எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: தூரத்தைக் கேட்டுத்தான் போன முறை சண்டை வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நேரத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் தாயார் இயல்பாக, மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே எவ்வளவு நேரம் நடப்பாரோ அதுவே அன்றைய நடை. அதில் பாதி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். சிறுவர்களுக்கும் நாய்க்கும் அது குறைவாயிற்றே என்பீர்கள். அவர்கள் நேர்கோட்டில் நடப்பதில்லை. முன்னே ஓடி, திரும்பி வந்து, மீண்டும் ஓடி, தாயார் நடக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாமாகவே கடந்துவிடுவார்கள்.

நனைந்த சருகு எண்ணெய் தடவிய தரையைப் போல வழுக்கும். அதன் அடியில் இருக்கும் வேரும் குழியும் கண்ணுக்குத் தெரியா. ஆகவே தாயாரின் கையில் நாயின் வாரைக் கொடுக்க வேண்டாம். சிறுவர்கள் வாரைப் பிடிக்க ஆசைப்பட்டால், நாய்க்கு இரண்டு வார்களைப் பூட்டி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணம் கொண்டும் வாரைக் குழந்தையின் மணிக்கட்டில் சுற்றிவிடாதீர்கள். உதிர்ந்த குச்சிகள் ஏராளமாகக் கிடப்பதால் பிள்ளைகள் அவற்றை எடுத்து நாய்க்கு எறிவார்கள். அதையும் தடுக்க வேண்டும். ஓடும் வேகத்தில் தரையில் செங்குத்தாக நிற்கும் குச்சியைக் கவ்வப்போய், வாயிலும் தொண்டையிலும் குத்துப்பட்டு வரும் நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

பையில் உள்ள தின்பண்டங்களைப் பற்றியும் ஒரு சொல். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் மிக மெதுவாகவே சிதைவதால் அதற்கு நஞ்சாகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியில் வீழ்த்திவிடும். குழந்தைகள் அன்பினால் பகிர்ந்துகொள்வதில்தான் இந்த ஆபத்து வருகிறது. புறப்படும் முன்பே அவர்களிடம் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் நாய் தரையில் கிடப்பதையெல்லாம் விழுங்குகிறது. இந்தப் பருவத்தில் எதற்கு அஞ்ச வேண்டும்?

பதில்: முதலில் காளானுக்கு. பெரும்பாலானவை தீங்கற்றவை, ஆனால் கொல்லும் வகைகளை நடைபாதையில் நின்று பிரித்தறிய நம்மால் இயலாது. மிகக் கொடிய சில அமானிட்டா இனங்களில் நஞ்சின் அறிகுறிகள் ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். ஆகையால் நாய் காளானைத் தின்றதைக் கண்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அது அழுகிக் குழைந்துவிடும். அடையாளம் காண முடியாது.

ஓக் மரத்துக் கொட்டைகளில் உள்ள டானின்களும், குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளில் உள்ள எஸ்குலினும் வாந்தி, வயிற்றுப்போக்கு முதலியவற்றைத் தரும். கொட்டை முழுதாக உள்ளே போனால் குடலை அடைத்துக்கொள்ளும் என்பது தனி ஆபத்து. வாகனங்கள் நிற்கும் இடங்களில், குளிரில் நீர் உறையாதிருக்க எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் சிந்தியிருக்கலாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும். சிறிதளவே போதும் உயிரைப் பறிக்க. தேங்கிய குட்டைகளில், எலி முதலியவற்றின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும்; இது மனிதரையும் தொற்றும் நோய். நாய்க்குத் தடுப்பூசி உண்டு. குடிநீரை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: குளிர் தொடங்கிவிட்டால் உண்ணித் தொல்லை இராது என்கிறாரே என் கணவர்?

பதில்: உங்கள் கணவர் இந்த ஒன்றில் தவறுகிறார். லைம் நோய் என்ற பாக்டீரியத் தொற்றைப் பரப்பும் உண்ணி இனங்களில் முதிர்ந்தவை இலையுதிர் காலத்தில்தான் மும்முரமாக நடமாடுகின்றன. வெப்பம் சுமார் 4 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும் நாளெல்லாம் அவை புல்நுனியில் காத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சருகுக் குவியல் அவற்றுக்கு ஈரமும் கதகதப்பும் தரும் இருப்பிடம். வீடு திரும்பியதும் நாயின் காதுமடல், கழுத்துப்பட்டைக்கு அடிப்புறம், அக்குள், விரலிடுக்கு, வால் அடி ஆகிய இடங்களை விரல்களால் தடவிப் பாருங்கள். பிறகு பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காதின் பின்புறத்தையும் பாருங்கள். உண்ணி இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், சீராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகியவை உண்ணியை எரிச்சலூட்டி, அதன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்க வைக்கக்கூடும். லைம் கிருமி உடலில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்றே பார்ப்பவருக்கு அச்சம் குறைவு.

கேள்வி: மாலை நடை போகும்போதெல்லாம் எதிர்பாராமல் இருட்டிவிடுகிறது. எனக்கு மட்டும்தானா இப்படி?

பதில்: இல்லை. பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்திருக்கும் செப்டம்பர் 22, 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் வடகோளத்தில் பகல் மிக வேகமாகக் குறைகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 50 பாகை வடக்கே உள்ள ஓர் இடத்தில் ஒரு வாரத்துக்குள் சுமார் 25 நிமிடப் பகல் காணாமல் போய்விடும். தென்கோளத்தில் இதே கதை மார்ச் மாதத்தில் நடக்கும். நாயின் கழுத்தில் ஒளிரும் பட்டை ஒன்றும், உங்கள் உடையில் வெளிர்நிறமும் இருக்கட்டும். வேட்டைக்கு அனுமதியுள்ள காடுகளின் ஓரத்தில் நடப்பவர்கள் நாய்க்கும் தங்களுக்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் சட்டை அணிவது அவசியம்.

கேள்வி: திறந்த வெளியில் நாயை அவிழ்த்துவிடலாமா? என் நண்பர் விடுகிறார். என் நாய் ஏக்கத்தோடு பார்க்கிறது.

பதில்: மூன்று முறை அழைத்தால் மூன்று முறையும் வருமா? அணில் ஓடும்போது அழைத்தாலும் வருமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், அந்த இடத்தின் விதியும் இடம் கொடுத்தால், விடலாம். இல்லையென்றால் பத்து மீட்டர் நீளமுள்ள பயிற்சி வார் ஒன்று போதும்; அதை மார்போடு சேர்த்துப் பூட்டும் பட்டையில்தான் இணைக்க வேண்டும், கழுத்துப்பட்டையில் இணைத்தால் ஓடி இழுபடும்போது கழுத்தில் அடிபடும். அழைத்ததும் வந்த நாயை உடனே கட்டி வீட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள். நான்கில் மூன்று முறை ஏதாவது கொடுத்து மீண்டும் ஓட விடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அதற்குத் தோன்றிவிட்டால் எந்த நாய்தான் வரும்?

கேள்வி: நானும் என் நண்பரும் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் எங்கள் இரண்டு நாய்களோடு ஒரே பாதையில் நடப்போம். இந்த ஆண்டு தொடக்கத்தில் அவருடைய நாய் பதின்மூன்று வயதில் இறந்துவிட்டது. இப்போது என் நாயை அழைத்துக்கொண்டு போனால் அவர் மனம் புண்படுமா? விட்டுவிட்டுப் போனால் அது இன்னும் செயற்கையாக இருக்குமா?

பதில்: அவர் சார்பாக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பலர் இரக்கத்தினால் நாயைப் பற்றிய பேச்சையே தவிர்த்துவிடுகிறார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அது தன் நாய் இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டதைப் போலத் தோன்றும். 'இந்த ஆண்டும் நடக்கலாமா? என் நாயை அழைத்து வரட்டுமா, நாம் இருவர் மட்டும் போகலாமா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்கும்போது இறந்த நாயின் பெயரையும் சொல்லுங்கள். அவர் அழைத்து வரச் சொன்னால், அதே பாதையா வேறு பாதையா என்பதையும் அவரிடமே விடுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். கூடவே திரிந்த நாய் இல்லாமல் போன பிறகு, எஞ்சிய நாய் வழக்கமான இடங்களில் நின்று தேடுவதையும், சில வாரங்களுக்கு உணவு குறைவதையும் நாய் வளர்ப்போர் பலர் கவனித்திருக்கிறார்கள். உங்கள் நாய் அந்தப் பாதையின் திருப்பம் ஒன்றில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடும். உங்கள் நண்பரிடம் ஓடி, அவர் கையையும் காலணியையும் நெடுநேரம் முகரவும் கூடும். அதைத் தடுக்காமல், அவசரப்படுத்தாமல், ஒன்றும் பேசாமல் நின்றுகொள்ளுங்கள். வாரைக் கொஞ்ச நேரம் தாம் பிடிப்பதாக அவர் கேட்டால் கொடுங்கள்; கேட்காவிட்டால் நீங்களாக நீட்ட வேண்டாம்.